உள்நுழைவுக்குப் பின்னுள்ள வலைப்பக்கங்களைச் சோதித்தல்

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகே திறக்கும் வலைப்பக்கங்கள் உரியவருக்குச் சரியாகத் திறக்கின்றனவா, மற்றவர்களுக்குத் திறக்காமல் இருக்கின்றனவா என்று ஆராய்வது உள்நுழைவுப் பக்கச் சோதனை ஆகும். இது மென்பொருள் சோதனைத் துறையின் ஒரு பகுதி. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, தொழிலாளரின் ஊதியச் சீட்டு, கல்லூரி விண்ணப்பம், மின் கட்டணக் கணக்கு ஆகிய அனைத்தும் இந்த வகைப் பக்கங்களே.

மேலே சொன்ன விளக்கத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. உரியவர் உள்ளே வர முடிகிறதா என்பது முதல் கேள்வி. உரிமை இல்லாதவர் உள்ளே வர முடியாமல் இருக்கிறதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை தவறினால் பயனர் உடனே புகார் செய்வார். பிழை அன்றே தெரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை தவறினால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள். தன் ஊதியச் சீட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார் என்பது அந்தத் தொழிலாளிக்கே தெரியாது. ஆகவே சோதிப்பவர் தேடிப் போனால்தான் இரண்டாவது வகைப் பிழை அகப்படும். இக்கட்டுரை அதற்கே அதிக இடம் தருகிறது.

வாயிலும் உள்ளறையும்

பொன்னேரியிலிருந்து காலை ரயிலில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புரியும். தொழிற்சாலை வாயிலில் காவலர் அடையாள அட்டையைப் பார்க்கிறார். அட்டையில் உள்ள படமும் ஆளும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறார். இது அடையாளச் சரிபார்ப்பு. வாயிலைக் கடந்துவிட்டதால் மட்டும் ஒருவர் கிடங்கிலோ கணக்குப் பிரிவிலோ நுழைந்துவிட முடியாது. அங்கே வேறொருவர் நின்று, இவருக்கு இந்த அறைக்குள் வர உரிமை உண்டா என்று பார்க்கிறார். இது அனுமதிச் சரிபார்ப்பு.

வலைச் செயலியிலும் இதே இரண்டு வேலைகள் உண்டு. உள்நுழைவுப் பக்கம் வாயில் காவலரின் வேலையைச் செய்கிறது. அதன் பிறகு திறக்கும் ஒவ்வொரு பக்கமும், அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும், இறக்கும் ஒவ்வொரு கோப்பும் தனித்தனி அறைகள். ஒவ்வொரு அறையின் வாசலிலும் சர்வர் மறுபடி ஒரு முறை உரிமையைக் கேட்க வேண்டும். பல செயலிகளில் வாயில் பலமாக இருக்கும். உள்ளறைகளுக்குக் காவலே இருக்காது.

வலைச் செயலிகளின் பாதுகாப்புக்காக 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓவாஸ்ப் என்னும் தன்னார்வ அமைப்பு, மிகுதியாகக் காணப்படும் பத்துப் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியிடுகிறது. அனுமதிச் சரிபார்ப்பில் உள்ள ஓட்டைகள் 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்தன. 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் அவை முதலிடத்துக்கு வந்தன.

சர்வர் நம்மை எப்படி அடையாளம் காண்கிறது

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். இந்த முறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு அடுத்த நொடியே இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், இரண்டையும் கேட்டவர் ஒருவர்தான் என்பது சர்வருக்குத் தானாகத் தெரியாது.

இந்தக் குறையைப் போக்க, 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி குக்கி என்னும் முறையைக் கொண்டுவந்தார். அது இன்று இவ்வாறு இயங்குகிறது:

1. பயனர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புகிறார்.
2. சர்வர் அவற்றைச் சரிபார்க்கிறது. நல்ல செயலியில் கடவுச்சொல் அப்படியே சேமிக்கப்பட்டிருக்காது. திரும்பப் பெற முடியாதபடி மாற்றப்பட்ட வடிவம்தான் சேமிப்பில் இருக்கும். ஒப்பிடுவதும் அந்த வடிவத்தோடுதான்.
3. சரியாக இருந்தால் சர்வர் ஓர் அமர்வைத் தொடங்கி, யாராலும் ஊகிக்க முடியாத நீளமான அடையாள எண் ஒன்றை உருவாக்குகிறது.
4. அந்த எண்ணைக் குக்கியாகப் பிரவுசருக்கு அனுப்புகிறது.
5. அதன் பிறகு பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் அந்தக் குக்கியையும் சேர்த்து அனுப்புகிறது. அதை வைத்துச் சர்வர் ஆளை அறிகிறது.

ஆகவே உள்நுழைந்த பிறகு கடவுச்சொல்லின் இடத்தைக் குக்கி பிடித்துக்கொள்கிறது. குக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே பயனர் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். இதனால் சோதிப்பவர் குக்கியின் மூன்று பண்புகளைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே அது அனுப்பப்படுகிறதா? பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைப் படிக்க முடியாதபடி தடுக்கப்பட்டிருக்கிறதா? வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைகளுடன் அது தானாகச் சேர்ந்து போகாமல் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறதா? பிரவுசரில் உள்ள டெவலப்பர் கருவிகளைத் திறந்தால் இம்மூன்றையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. உள்நுழைவதற்கு முன் இருந்த அடையாள எண்ணும் உள்நுழைந்த பின் உள்ள எண்ணும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்றாகவே இருந்தால், முன்கூட்டியே ஓர் எண்ணைப் பயனரின் பிரவுசரில் வைத்துவிட்ட ஒருவர், அவர் உள்நுழைந்தவுடன் அதே எண்ணைக் கொண்டு தானும் உள்ளே வந்துவிடலாம்.

ரயில் முன்பதிவுத் தளத்தில் நடந்தது

உள்ளறைக்குக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ப் பக்கமே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சென்னையைச் சேர்ந்த 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் ஐ.ஆர்.சி.டி.சி. முன்பதிவுத் தளத்தில் தன் பயணச்சீட்டு விவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தைக் கேட்கும் கோரிக்கையில் பரிவர்த்தனை எண் ஒன்று போவதைக் கவனித்தார். அந்த எண்ணை மாற்றியபோது வேறு பயணிகளின் சீட்டு விவரங்கள் வந்தன. பெயர், வயது, பி.என்.ஆர். எண், ரயில், பயண நாள் ஆகியவை அவற்றில் இருந்தன. பார்ப்பதோடு இது நிற்காது, பிறர் சீட்டை ரத்து செய்யவும் ஏறும் நிலையத்தை மாற்றவும் இந்த வழியில் இடமுண்டு என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இங்கே வாயில் சரியாகத்தான் இருந்தது. அந்த மாணவர் தன் சொந்தக் கணக்கில் முறையாக உள்நுழைந்தவர். இந்தப் பரிவர்த்தனை எண் இவருடையதுதானா என்ற கேள்வியைத்தான் சர்வர் கேட்கவில்லை. இந்த வகைக் குறைக்கு ஐ.டி.ஓ.ஆர். என்று பெயர். பொருளை நேரடியாகச் சுட்டும் எண்ணை, அது யாருக்குரியது என்று பாராமல் ஏற்றுக்கொள்வது என்பது இதன் பொருள்.

அவர் ஆகஸ்டு 30 அன்று, கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளுக்கான இந்திய அரசின் அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தார். சில நாட்களில் குறை சரிசெய்யப்பட்டது. அதன் பிறகே செய்தி வெளியில் வந்தது. இந்த வரிசை முக்கியம். கட்டுரையின் இறுதியில் மறுபடி இதற்கு வருவோம்.

இதே வகையான குறை உலகப் பெருநிறுவனங்களிலும் நேர்ந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு தமிழகத்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லட்சுமண் முத்தையா, ஃபேஸ்புக்கில் யாருடைய படத் தொகுப்பையும் வேறொருவர் அழித்துவிட முடியும் என்று கண்டறிந்தார். அழிக்கும் கட்டளையில் பிறருடைய தொகுப்பின் எண்ணைக் கொடுத்தபோது, கேட்பவருக்கு அந்த உரிமை உண்டா என்று சர்வர் சரியாகப் பார்க்கவில்லை. நிறுவனம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குறையைச் சரிசெய்து, 12,500 டாலர் பரிசு அளித்தது.

சோதனை அட்டவணை

இத்தகைய பிழைகளைத் தற்செயலாகக் காண்பதைவிட ஒழுங்காகத் தேடுவதே சோதனையாளரின் வேலை. அதற்கு ஓர் அட்டவணை போதும். கற்பனையாக ஒரு தொழிற்சாலையின் ஊதியச் சீட்டுச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து வகையானவர்கள் வரலாம்:

1. உள்நுழையாதவர்
2. தொழிலாளி கண்ணன்
3. அதே பிரிவைச் சேர்ந்த தொழிலாளி மேரி
4. அவர்களின் மேற்பார்வையாளர்
5. ஊதியப் பிரிவு அலுவலர்

அட்டவணையின் இடப்பக்கத்தில் இந்த ஐவரையும் எழுத வேண்டும். மேல்வரிசையில் செயல்களை எழுத வேண்டும்: கண்ணனின் சீட்டைப் பார்த்தல், அதை இறக்குதல், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுதல், விடுப்புக்கு ஒப்புதல் அளித்தல், எல்லோருடைய ஊதியப் பட்டியலைப் பார்த்தல். ஒவ்வொரு கட்டத்திலும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று நிரப்ப வேண்டும். ஐந்து பேர், ஐந்து செயல்கள் என்றால் 25 கட்டங்கள். ஆகவே 25 சோதனைகள்.

நிரப்பத் தொடங்கியதும் ஓர் உண்மை தெரியும். ‘இல்லை’ என்ற கட்டங்களே அதிகம். மேற்பார்வையாளர் விடுப்புக்கு ஒப்புதல் தரலாம். ஆனால் வங்கி எண்ணை மாற்றலாமா? தொழிலாளியின் சம்பளத்தை அவர் பார்க்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு நிரல் எழுதுபவர் தானாக விடை முடிவு செய்யக் கூடாது. நிறுவனத்தில் அதற்கு உரியவரிடம் கேட்டு எழுத வேண்டும். பல செயலிகளில் ஓட்டை விழுவதற்குக் காரணம், இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்காததுதான்.

கண்ணனும் மேரியும் ஒரே நிலையில் உள்ளவர்கள். இருவரையும் தனித்தனியே அட்டவணையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தொழிலாளி அலுவலரின் பக்கத்துக்குள் போக முடிவது மேல்நோக்கிய மீறல். கண்ணன் மேரியின் சீட்டைப் பார்க்க முடிவது பக்கவாட்டு மீறல். ஐ.ஆர்.சி.டி.சி. நிகழ்வு பக்கவாட்டு மீறலே. ஒரே ஒரு சோதனைக் கணக்கை வைத்துக்கொண்டு இதை முறையாகச் சோதிப்பது கடினம். ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது இரண்டு கணக்குகள் வேண்டும் என்பது இத்துறையின் முதல் பாடம்.

சோதிக்கும் முறை இது. கண்ணனாக உள்நுழைந்து அவர் சீட்டைத் திறக்கவும். முகவரியில் 5107 என்ற எண் இருக்கிறது என்று கொள்வோம். மேரியாக உள்நுழைந்தால் 5108. இப்போது கண்ணனின் அமர்விலேயே இருந்துகொண்டு 5108ஐக் கேட்கவும். மேரியின் சீட்டு வந்தால் சோதனை தோல்வி. பக்கத்தை மட்டுமல்ல, அதன் பி.டி.எஃப். கோப்பையும், கைப்பேசிச் செயலி பயன்படுத்தும் இணைப்பையும் இதே முறையில் கேட்க வேண்டும். பக்கம் பூட்டியிருக்கும்போது கோப்பு திறந்துகிடப்பது அடிக்கடி காணப்படும் குறை.

இங்கே இரண்டு தவறான சமாதானங்கள் சொல்லப்படுவது உண்டு. ‘அந்தப் பொத்தானைத்தான் தொழிலாளிக்குக் காட்டவில்லையே’ என்பது ஒன்று. பொத்தானை மறைப்பது அழகுக்கு உதவும். முகவரியை நேரடியாகக் கேட்பவரை அது தடுக்காது. ‘வரிசை எண்ணுக்குப் பதில் ஊகிக்க முடியாத நீண்ட எண் வைத்துவிட்டோம்’ என்பது மற்றொன்று. இது ஓரளவு உதவும். ஆனால் அந்த எண் மின்னஞ்சலிலோ வாட்ஸ்ஆப்பிலோ ஒரு முறை பகிரப்பட்டால் ரகசியம் போய்விடும். உரிமையைச் சர்வரில் சரிபார்ப்பதற்கு இவை மாற்று ஆகா.

200 என்ற எண் ஏமாற்றும்

சர்வர் ஒவ்வொரு பதிலுடனும் ஒரு நிலை எண்ணை அனுப்புகிறது. உள்நுழைவுச் சோதனையில் அடிக்கடி வருபவை ஐந்து:

200: கேட்டது கிடைத்தது.
302: வேறு முகவரிக்குப் போகவும்.
401: நீங்கள் யாரென்று தெரியவில்லை, உள்நுழையவும்.
403: நீங்கள் யாரென்று தெரியும், ஆனால் அனுமதி இல்லை.
404: அப்படி ஒன்று இல்லை.

புதிதாகச் சோதனை நிரல் எழுதுபவர்கள் ஊதியச் சீட்டுப் பக்கத்தைக் கேட்டு, 200 வந்தால் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். குக்கி அனுப்ப மறந்திருந்தாலும் இந்தச் சோதனை வெற்றி என்றே சொல்லும். காரணம் இதுதான். குக்கி இல்லாத கோரிக்கைக்குச் சர்வர் 302 என்று சொல்லி உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. சோதனைக் கருவி தானாகவே அங்கே போகிறது. உள்நுழைவுப் பக்கம் நன்றாகத் திறக்கிறது. அதற்கு 200 கிடைக்கிறது. நிரல் பார்த்தது ஊதியச் சீட்டை அல்ல, உள்நுழைவுப் படிவத்தை.

விரைவுச் சோதனையிலும் இதே கதை நடக்கும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் செயலி தாங்குமா என்று அப்பாச்சி ஜேமீட்டர் கருவியால் சோதிக்கிறார்கள். அதில் குக்கிகளை நிர்வகிக்கும் பகுதியைச் சேர்க்காவிட்டால், ஆயிரம் கோரிக்கைகளும் உள்நுழைவுப் பக்கத்தையே தட்டிவிட்டுத் திரும்பும். அந்தப் பக்கம் எளிமையானது என்பதால் முடிவுகள் மிக வேகமாக வரும். செயலி பிரமாதம் என்று அறிக்கை போகும். சம்பள நாளன்று எல்லோரும் உண்மையாகவே உள்நுழையும்போது செயலி திணறும்.

இதற்குத் தீர்வு எளிது. நிலை எண்ணுடன் பக்கத்தின் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். கண்ணனின் சீட்டில் கண்ணன் என்ற பெயரும் அந்த மாதத்தின் தொகையும் இருக்கின்றனவா? உள்நுழைவுப் படிவத்தின் சொற்கள் இல்லாமல் இருக்கின்றனவா? அனுமதி மறுக்க வேண்டிய சோதனைகளில், பதிலுக்குள் மேரியின் பெயரோ தொகையோ ஒளிந்து வரவில்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். திரையில் ‘அனுமதி இல்லை’ என்று காட்டிவிட்டு, பின்னால் முழுத் தரவையும் அனுப்பிவைக்கும் செயலிகளும் உண்டு.

தானியங்கிக் கருவிகள்

25 கட்டங்களைக் கையால் ஒரு முறை சோதிக்கலாம். செயலியில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் கையால் செய்வது இயலாது. ஆகவே தானியங்கிக் கருவிகள் தேவைப்படுகின்றன.

இவற்றில் மிகவும் அறியப்பட்டது செலீனியம். 2004ஆம் ஆண்டு தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் இதை உருவாக்கினார். ஊழியர்கள் தங்கள் வேலை நேரத்தையும் செலவுகளையும் பதியும் உள் செயலியைச் சோதிக்கவே அது எழுதப்பட்டது. செலீனியம் ஒரு மனிதர் செய்வதுபோலவே பிரவுசரைத் திறந்து, பெட்டிகளை நிரப்பி, பொத்தானை அழுத்தும். 2020ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் அதே வேலையைச் செய்யும் புதிய கருவி. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள்.

இவற்றைக் கொண்டு சோதனை எழுதும்போது, ஒவ்வொரு சோதனையிலும் உள்நுழைவுப் பக்கத்தை நிரப்பத் தேவையில்லை. உள்நுழைவைச் சோதிக்கும் நிரலைத் தனியாக எழுதலாம். மற்றச் சோதனைகளுக்கு ஒவ்வொரு கணக்கிலும் ஒரு முறை உள்நுழைந்து, அமர்வின் குக்கிகளைக் கோப்பில் சேமித்து, அதையே மறுபடி பயன்படுத்தலாம். பிளேரைட்டில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. நேரம் மிச்சமாகும். ஆனால் அந்தக் கோப்பு கடவுச்சொல்லுக்குச் சமம். நிரல்களோடு சேர்த்து கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிடக் கூடாது.

பிரவுசர் இல்லாமல் நேரடியாகக் கோரிக்கை அனுப்பும் நிரல்களில் இன்னொரு தடை வரும். பல உள்நுழைவுப் படிவங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறையும் மாறும் ரகசியச் சொல் அதில் இருக்கும். வேறு தளம் ஒன்று பயனரின் பெயரால் படிவத்தை அனுப்பிவிடாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. நிரல் முதலில் படிவப் பக்கத்தைக் கேட்டு, அந்தச் சொல்லை எடுத்து, பெயருடனும் கடவுச்சொல்லுடனும் சேர்த்து அனுப்ப வேண்டும். எடுக்காமல் அனுப்பினால் கோரிக்கை மறுக்கப்பட வேண்டும். அதுவும் ஒரு சோதனையே.

கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் படத்தில் உள்ள எழுத்துகளைக் கேட்கும் கேப்சாவும் தானியங்கிகளுக்குத் தடையாக இருப்பவை. அவற்றை உடைக்க முயல்வது வீண். சோதனைக்கென்று தனியாக நிறுவிய செயலியில் கேப்சாவை நிறுத்திவைப்பதும், குறிப்பிட்ட கணக்குகளுக்கு நிலையான ஓ.டி.பி. வைப்பதும் வழக்கம். அந்தச் சலுகை மக்கள் பயன்படுத்தும் செயலிக்குள் போய்விடக் கூடாது. போகவில்லை என்பதைச் சரிபார்க்கும் சோதனை ஒன்றும் பட்டியலில் இருக்க வேண்டும்.

எத்தனை முறை தவறலாம்

தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்புத் தேர்வு முடிவுகளை இணையத்தில் பார்க்கப் பதிவெண்ணுடன் பிறந்த தேதியையும் கேட்கிறார்கள். பதிவெண்கள் வரிசையாக வருபவை. தன் எண்ணுக்கு அடுத்த எண் பக்கத்து இருக்கை மாணவருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவேதான் தேதி தேவைப்படுகிறது. ஆனால் இந்தத் தேதி எவ்வளவு ரகசியமானது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரே வகுப்பில் படிப்பவர்களின் பிறந்த நாட்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கும். அதாவது ஏறத்தாழ 730 தேதிகள். கையால் முயல்பவருக்கு இது தொல்லை. நிரலுக்குச் சில நிமிட வேலை. எத்தனை முறை தவறாகக் கொடுக்கலாம் என்று சர்வர் வரம்பு வைத்தால்தான் அந்தத் தேதிக்கு மதிப்பு. இது எந்த ரகசியத்துக்கும் பொருந்தும் பொது விதி.

6 இலக்க ஓ.டி.பி.க்கு 10 லட்சம் வாய்ப்புகள் உண்டு. அது பெரிய எண்ணாகத் தோன்றும். 2019ஆம் ஆண்டு லட்சுமண் முத்தையா இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பு முறையை ஆராய்ந்தார். மீட்புக்காகக் கைப்பேசிக்கு வரும் 6 இலக்கக் குறியீடு 10 நிமிடம் செல்லும். ஒரே இணைய முகவரியிலிருந்து பல முறை முயன்றால் தளம் தடுத்தது. ஆனால் பல முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பியபோது அந்தத் தடை போதவில்லை. அவர் 1,000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் முயற்சிகளை அனுப்பிக் காட்டினார். ஒரு முகவரிக்கு 200 முயற்சி என்றால், 10 லட்சத்துக்கு 5,000 முகவரிகள் போதும். வாடகை சர்வர்கள் மூலம் அது எட்டக்கூடிய எண்ணிக்கையே. நிறுவனம் குறையைச் சரிசெய்து அவருக்கு 30,000 டாலர் வழங்கியது.

வரம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது என்பதே இதில் உள்ள பாடம். வரம்பு எதன் மீது வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முயல்பவரின் முகவரியைக் கணக்கிடுவதோடு, தாக்கப்படும் கணக்கையும் கணக்கிட வேண்டும். அதே வேளையில், யாரோ ஒருவர் ஐந்து முறை தவறாகத் தட்டியதால் உண்மையான பயனர் நாள் முழுதும் பூட்டப்பட்டுக் கிடக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சோதிக்கப்பட வேண்டும்.

பிழைச் செய்தியையும் படித்துப் பார்க்க வேண்டும். ‘இந்தப் பயனர் இல்லை’ என்று ஒரு செய்தியும் ‘கடவுச்சொல் தவறு’ என்று இன்னொரு செய்தியும் வந்தால், யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதைத் தளமே சொல்லிக்கொடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே செய்தி வருவதே நல்லது.

வெளியேறுதல்

சிற்றூர்களில் இன்றும் பலர் விண்ணப்பங்களைப் பிரவுசிங் சென்டரிலும் இ-சேவை மையத்திலும் நிரப்புகிறார்கள். ஒருவர் எழுந்ததும் அதே நாற்காலியில் அடுத்தவர் உட்காருகிறார். அங்கே ‘வெளியேறு’ பொத்தான் சரியாக வேலை செய்வது, கடவுச்சொல்லின் வலிமையைப் போலவே முக்கியம். சோதிக்க வேண்டியவை நான்கு:

1. வெளியேறிய பிறகு பிரவுசரின் பின்செல் பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் தெரியக் கூடாது. பக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டாம் என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.
2. வெளியேறும் முன் குக்கியின் மதிப்பை நகலெடுத்து, வெளியேறிய பிறகு அதை மறுபடி அனுப்பினால் மறுக்கப்பட வேண்டும். பல செயலிகள் பிரவுசரில் உள்ள குக்கியை மட்டும் அழித்துவிட்டு, சர்வரில் அமர்வை உயிரோடு விட்டுவிடுகின்றன.
3. சிறிது நேரம் எதுவும் செய்யாமல் விட்டால் அமர்வு தானாக முடிய வேண்டும். ஆனால் நீண்ட படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர் எழுதியது எல்லாம் போய்விடாதபடி முன்னறிவிப்பும் வேண்டும்.
4. கடவுச்சொல்லை மாற்றினால், மற்றக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் திறந்திருக்கும் அமர்வுகள் முடிவுக்கு வர வேண்டும்.

சட்டமும் எல்லையும்

இந்தச் சோதனைகள் அனைத்தும் சொந்தச் செயலியிலோ, உரிமையாளர் எழுத்தில் அனுமதித்த செயலியிலோ மட்டுமே செய்யத் தக்கவை. முகவரியில் ஓர் எண்ணை மாற்றுவது சிறிய செயலாகத் தோன்றலாம். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதும் தரவை எடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் வருகின்றன. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆர்வம் உள்ள மாணவர்கள் இதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

வழக்கமாகப் பயன்படுத்தும் தளத்தில் தற்செயலாக ஓட்டை தென்பட்டால், அங்கேயே நிறுத்த வேண்டும். பிறர் தரவை இறக்கவோ படம் எடுத்துப் பரப்பவோ கூடாது. தளத்தின் உரிமையாளருக்கோ, 2004ஆம் ஆண்டு முதல் இயங்கும் செர்ட்-இன் அமைப்புக்கோ தெரிவிக்க வேண்டும். சரிசெய்யப்படும் வரை வெளியில் பேசக் கூடாது. முன்பு கண்ட சென்னை மாணவரும் உரிய அமைப்பிடம் முதலில் சொன்னார். குறை தீர்ந்த பிறகே அது செய்தியாயிற்று. சில நிறுவனங்கள் ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசுத் திட்டம் வைத்துள்ளன. எவற்றைச் சோதிக்கலாம், எவற்றைத் தொடக் கூடாது என்று அத்திட்டத்திலேயே எழுதியிருக்கும், அதுவே எல்லை.

செயலி வைத்திருப்பவர்களுக்கும் சட்டம் உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறுபவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க வழி செய்கிறது. ஆகவே சோதனைக்கென்று உண்மையான தொழிலாளர்களின் ஆதார் எண்ணையும் வங்கி எண்ணையும் நகலெடுத்துப் பயன்படுத்துவதும் கூடாது. கற்பனைப் பெயர்களும் எண்களும் போதும்.

செய்து பார்க்க

கற்பவர்களுக்காகவே வேண்டுமென்று ஓட்டைகளுடன் எழுதப்பட்ட செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓவாஸ்ப் அமைப்பின் ஜூஸ் ஷாப், வெப்கோட் ஆகியவை அவற்றில் இரண்டு. இவற்றை இணையத்தில் வைக்காமல் சொந்தக் கணினியில் நிறுவி, கீழ்க்கண்டவற்றை முயன்று பார்க்கலாம்:

1. இரண்டு கணக்குகள் தொடங்கி, இரண்டு வேறு பிரவுசர்களில் உள்நுழையவும். ஒருவரின் பொருட்கூடையை மற்றவரின் அமர்விலிருந்து பார்க்க முடிகிறதா?
2. டெவலப்பர் கருவிகளில் குக்கிகளைத் திறந்து, மேலே சொன்ன மூன்று பண்புகளும் உள்ளனவா என்று குறித்துக்கொள்ளவும்.
3. உங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்ளவும். மாணவர், ஆசிரியர், நூலகர் ஆகியோருக்கும் ஐந்து செயல்களுக்கும் ‘உண்டு, இல்லை’ அட்டவணை போடவும். ஒரு மாணவர் எடுத்த நூல்களின் பட்டியலை ஆசிரியர் பார்க்கலாமா? விடையுடன் காரணத்தையும் எழுதவும்.
4. நான்கு இலக்க ரகசிய எண்ணுக்கு எத்தனை வாய்ப்புகள்? ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முயற்சி என்ற வரம்பு இருந்தால், அனைத்தையும் முயல எத்தனை நாள் ஆகும்?